ஆயுத பூஜைக்குக் கழுவிய கல்

எனக்குப் பயம் கூடப் பிறந்த குணம். பல்லி கத்தினால் பயம், தபால்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்தினால் பயம், வீட்டுக்காரர் வர நேரமானால் பயம். அதனால் எங்கள் ஊருக்குள் முதன்முதலாக அரசாங்க ஜீப் நுழைந்தபோது நான் பயந்தேன் என்பதில் விசேஷம் ஒன்றுமில்லை. அன்றைக்கு ஊரே பயந்தது.

எழுபதுகளின் நடுவில், மழை சரியாகப் பெய்யாத வருஷங்கள் அவை. வடக்குப்பட்டுப் பக்கம் ஏரியை ஒட்டி எங்கள் ஊர். ஜீப்பில் வந்தவர்கள் வண்டியின் முன்பக்கத்தில் ஒரு பெரிய படத்தை விரித்தார்கள். எங்கள் ஊர் நிலம் முழுக்க அதில் இருந்தது. ஏரி, களத்துமேடு, சுடுகாடு, ஒவ்வொரு கொல்லைக்கும் ஒரு எண். நொறுங்கின அப்பளத்தை மறுபடியும் ஒட்ட வைத்த மாதிரி இருந்தது. படத்தில் அவர்கள் பென்சிலால் எங்கே தொட்டாலும் அந்த நிலத்துக்காரருக்கு முகம் வெளுத்தது. "எதுக்குப் படம் போட்டுக்கினு வராங்க? நெலத்த எடுத்துக்கத்தான்" என்று தேநீர்க் கடையில் முடிவே கட்டிவிட்டார்கள்.

நிலத்தை எடுக்க வரவில்லை, நிலத்துக்கு அடியில் இருப்பதைப் பார்க்க வந்திருக்கிறோம் என்று அதிகாரி சொன்னார். சின்ன வயசுக்காரர், கண்ணாடி போட்டவர். எந்தக் கொல்லைக்கு அடியில் என்ன மண், எத்தனை ஆழத்தில் கல், எங்கே தண்ணீர் என்று துளை போட்டுப் பார்த்து, ஊர்ப் படத்தின் மேலேயே அதையும் குறிக்கப் போகிறார்களாம். மேலே இருப்பதற்குப் படம் போட்டாலே பயப்படுகிறவர்களிடம் அடியில் இருப்பதற்கும் படம் போடுவேன் என்று சொன்னால் பயம் போய்விடுமா?

ஏரிக்கரைப் புறம்போக்கில் துளை போடும் எந்திரத்தை இறக்கினார்கள். பக்கத்தில் இருந்தது எங்கள் வீடு ஒன்றுதான். அதனால் எந்திரத்துக்குக் காவல் இருக்கும் வேலை என் வீட்டுக்காரருக்குக் கிடைத்தது. தினக்கூலிதான் என்றாலும் அரசாங்க வேலை. ஒழுங்காக இருந்தால் நிரந்தரம் ஆகும் என்று எந்திரக்காரர்கள் ஆசை காட்டியிருந்தார்கள். டார்ச் லைட்டும் விசிலும் கொடுத்தார்கள். விசிலை வாயில் வைப்பதற்கு முன்னால் அவர் அதைச் சோப்பு போட்டுக் கழுவினார்.

அவரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அவருக்கு இரண்டு விஷயம் ஆகாது. ஒன்று அழுக்கு. கல்யாணத்தன்று என் கையைப் பிடிக்கும் முன்னால் தன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டவர். கொட்டைப்பாக்கைக்கூட அலம்பித்தான் வாயில் போடுவார். வயலில் இறங்கி வேலை செய்கிற குடும்பத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று என் மாமியாரே தலையில் அடித்துக்கொள்வார். இன்னொன்று கிணறு. சின்ன வயதில் தவறி விழுந்து, ஊரார் இறங்கித் தூக்கியிருக்கிறார்கள். அதிலிருந்து தண்ணீர் சேந்துவதென்றால்கூட இரண்டடி தள்ளி நின்று கயிற்றை இழுப்பார். குடம் சுவரில் இடித்து இடித்து எங்கள் வீட்டில் ஒடுங்காத குடமே கிடையாது. நான் ஊரில் உள்ள எல்லாவற்றுக்கும் பயந்தேன், அவர் இந்த இரண்டுக்கு மட்டும் பயந்தார். அந்த வகையில் நாங்கள் பொருத்தமான ஜோடிதான்.

எந்திரம் பூமிக்குள் குழாயை இறக்கிச் சுற்றிச் சுற்றிக் கல்லை அறுத்து, உருளை உருளையாக மேலே கொண்டு வந்தது. சோடா பாட்டில் கழுத்துப் பருமன் இருக்கும். அதற்கு அவர்கள் கோர் என்று பேர் சொன்னார்கள். மேலே இருந்து கீழே வரையில் வந்த வரிசையிலேயே அவற்றை நீள நீளமான மரப்பெட்டிகளில் அடுக்கினார்கள். முதலில் செம்மண்ணும் சரளையும், பிறகு மஞ்சள் மணற்கல், அதற்குப் பிறகு சாம்பல் நிறத்தில் ஒரு கல், எல்லாவற்றுக்கும் கீழே நல்ல கருங்கல். ஆழத்தை மரத்துண்டில் பென்சிலால் எழுதி இடையில் சொருகினார்கள். இன்ன ஆழத்தில் இன்ன கல் என்று பார்த்து எழுத வேண்டியது அதிகாரியின் வேலை. பூஜை விடுமுறைக்கு அவர் ஊருக்குப் போயிருந்தார். எந்திரக்காரர்கள் தண்டலம் பக்கம் அடுத்த துளை போடப் போய்விட்டார்கள். பெட்டிகளை எங்கள் மாட்டுக் கொட்டகையில் இறக்கி, "சாரு வந்து பாக்கற வரைக்கும் பத்திரமா வெச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பத்திரமாக வைத்துக்கொள் என்று அவரிடம் சொன்னால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியாது.

ஆயுத பூஜைக்கு முதல் நாள். ஊரில் ஏர், மண்வெட்டி, அருவாள், தையல் மெஷின் என்று எல்லாம் கழுவிப் பொட்டு வைக்கிற நாள். எங்கள் வீட்டில் சைக்கிள், டார்ச் லைட், விசில் எல்லாம் முடிந்தன. பிறகு அவர் கொட்டகைப் பக்கம் பார்த்தார். பெட்டிகளின் மேல் எண்ணெய்ச் சேறும் துளைச் சேறும் அப்பிக் கிடந்தன.

"நம்ம பொழப்பே இதுலதான் கீது. இத்த உட்டுட்டு சைக்கிளுக்கு மட்டும் பொட்டு வெச்சா நல்லாவா கீது?" என்றார்.

"அது கவர்மென்ட்டு கல்லுங்க. தொட வேணாம்" என்றேன். பயத்தில் சொன்னதுதான், விவரம் தெரிந்து சொன்னதில்லை.

"கவர்மென்ட்டு கல்லுன்னா அழுக்கா இருக்கணும்னு சட்டமா?"

ஒவ்வொரு பெட்டியாக எடுத்து, செம்மண்ணைத் தொடாமல் கற்களை மட்டும் மாட்டுத் தொட்டியில் போட்டு ஊற வைத்தார். ஊறினால் அழுக்கு சீக்கிரம் விடும் என்பது அவர் கணக்கு. சாப்பிட்டு, வெற்றிலை போட்டுவிட்டு வந்து தேங்காய் நாரும் கையுமாக உட்கார்ந்தார். கருங்கல் பளபளவென்று வந்தது. மஞ்சள் கல்லும் வந்தது. சாம்பல் கல்லைத் தேடித் தொட்டிக்குள் கையை விட்டவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

நானும் கையை விட்டுப் பார்த்தேன். அடியில் கல் இல்லை. சேறுதான் இருந்தது. வழவழவென்று, சீயக்காய் குழைத்த மாதிரி விரலிடுக்கில் வழுக்கிக்கொண்டு ஓடியது. தண்ணீர் முழுக்கச் சாம்பல் நிறம். எங்கள் பசு மூக்கைக் கொண்டுவந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. 

"கல்லு கரைஞ்சு பூட்ச்சுங்க."

"தண்ணில கரையறது கல்லாடி? அது அழுக்கு. துளை போடறப்போ ஒட்டிக்கினு வந்த சேறு. சேத்தையா அவங்க எண்ணப் போறாங்க?"

அவர் சொன்னதை நம்பத்தான் எனக்கும் ஆசை. பயந்தவர்களுக்கு ஆறுதல் சொன்னால் யார் சொன்னாலும் பிடித்துக்கொள்வார்கள். மிஞ்சின கற்களை அவர் பெட்டியில் திரும்ப அடுக்கினார். நடுவில் இடம் காலியாக இருந்தது. பந்தியில் ஆள் குறைந்தால் இலைகளைக் கொஞ்சம் கொஞ்சம் தள்ளிப் போடுவார்களே, அப்படிக் கற்களை இடம் விட்டு விட்டு வைத்துப் பெட்டியை நிரப்பினார். மரத்துண்டுகளில் பென்சில் எழுத்து தேங்காய் நாரோடு போயிருந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் சந்தனம் தெளித்து, கல்லுக்குக் கல் குங்குமம் வைத்தார். கற்பூரம் காட்டும்போது நான் கண்ணை மூடிக்கொண்டு, அதிகாரி வராமலே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். சாமி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

விடுமுறை முடிந்து அதிகாரி வந்தார். பெட்டிகளைத் திறந்தவர், "இவ்வளவு சுத்தமா எங்கேயும் பார்த்ததில்லையே" என்றார். என் வீட்டுக்காரருக்கு முகம் மலர்ந்து போயிற்று. அதிகாரி ஒரு கல்லை எடுத்து நாக்கால் நக்கிப் பார்த்தார். அவர்கள் அப்படித்தான் பார்ப்பார்களாம். குங்குமம் இருந்த இடமாகப் பார்த்து நக்கிவிட்டுத் துப்பினார். வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன். நான் அவருடைய வண்ணப் பென்சில் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மரத்துண்டுகளில் எழுத்து இல்லாததைப் பார்த்தவர், எந்திரக்காரர்கள் நோட்டில் மொத்த ஆழம் இருக்கிறது, போதும் என்று சொல்லிக்கொண்டே தாளில் நீளமாக ஒரு பட்டை வரைந்து மேலே சிவப்பு தீட்டினார். அதற்குக் கீழே மஞ்சள். அப்புறம் நேராகக் கறுப்பு. டப்பாவில் ஒரு சாம்பல் நிறப் பென்சில் இருந்தது. அதை அவர் தொடவே இல்லை.

நான் மாமியாரின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு வீட்டுக்காரரைப் பார்த்தேன். சொல்லிவிடுங்கள் என்று கண்ணால் கெஞ்சினேன். அவர் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து அதிகாரி, "உங்க மாதிரி ஆளைத்தான் நிரந்தரம் பண்ணணும், எழுதுறேன்" என்றார். திறந்த வாய் மூடிக்கொண்டது.

அந்த வருஷம் ஐப்பசி மழையும் ஏமாற்றியது. சித்திரையில் ஏரி பாளம் பாளமாக வெடித்தது. குடிக்கத் தண்ணீர் இல்லை. யூனியன் ஆபீஸில் ஊருக்கு ஒரு குடிதண்ணீர்க் கிணறு வெட்ட உத்தரவானது. எங்கே வெட்டுவது? அதற்குத்தான் படம் இருக்கிறதே. துளை போட்ட இடத்திலேயே, எங்கள் வீட்டுக்கு எதிரே, கயிறு பிடித்து வட்டம் போட்டார்கள்.

மேற்பார்வைக்கு வந்த ஓவர்சியர் கையில் அந்தப் படத்தின் நகல் இருந்தது. "பாருங்கய்யா, மேல கொஞ்ச தூரம் செம்மண்ணு, உதிர்ற மணல்கல்லு. அதுக்கு உறை கட்டினாப் போதும். அப்புறம் கெட்டிக் கல்லுதான். சும்மா வெட்டிக்கினே போவலாம்" என்று விரலால் கோடு இழுத்துக் காட்டினார். உறை என்றால் மண் சரியாமல் இருக்கக் கிணற்றைச் சுற்றி உள்ளே கட்டுகிற செங்கல் சுவர்.

வெட்டுகிற ஆட்களில் என் தம்பியும் ஒருவன்.

எனக்குப் பிறந்த வீடு என்று இருந்தது அவன் ஒருத்தன்தான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபின், அந்தப் பொங்கலுக்கு அப்புறம்தான் என்னோடு வந்து சேர்ந்தான். நல்ல உடம்பு, எதற்கும் பயப்பட மாட்டான். வீட்டில் இருந்த பயம் முழுக்க எனக்கே வந்து சேர்ந்துவிட்டதால் அவனுக்கு மிச்சம் இல்லாமல் போயிற்று போலிருக்கிறது. ராட்டினக் கயிற்றில் கூடை மேலே வரும், நாங்கள் பெண்கள் நாலைந்து பேர் அதை வாங்கிக் கரையில் கொட்டிவிட்டு வருவோம். கூலிக்குக் கூலி, தம்பி கண்ணெதிரே இருப்பான் என்றுதான் நானும் போனேன்.

செம்மண் வந்தது. மஞ்சள் மணற்கல் உடைந்து மணலாக வந்தது. மேலே உறை கட்டினார்கள். அதற்குக் கீழே வெட்டத் தொடங்கிச் சில நாள் ஆகியிருக்கும். ஒரு பிற்பகல் என் தலைக்கு வந்த கூடை வழக்கத்தைவிடக் கனத்தது. கூடையிலிருந்து கழுத்தில் ஏதோ வழிந்தது. துடைத்தேன். விரலிடுக்கில் வழவழவென்று வழுக்கியது.

சாம்பல் நிறம்.

கூடையை அங்கேயே போட்டேன். பக்கத்தில் இருந்தவள் "இன்னாக்கா, பாம்பா?" என்றாள். பாம்பாக இருந்தால் எவ்வளவோ தேவலை. எங்கள் மாட்டுத் தொட்டியில் பொழுது சாய்வதற்குள் கரைந்த கல் அது. அதைச் சுவராக வைத்துக்கொண்டு என் தம்பி அடியில் நிற்கிறான். படத்தில் அந்த இடத்தில் கறுப்புப் பென்சில் தீட்டியிருக்கிறது. உறை கிடையாது.

அன்றைக்கு மாலை அவன் கை கால் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன்.

"டேய், நாளைக்குக் கெணத்துல எறங்க வேணாண்டா. அந்த மண்ணு சரியில்ல."

"இன்னாக்கா நீ, ஆபீசரு பார்த்துப் படம் போட்டுக் குடுத்துக்கீறாரு. இன்னும் ரெண்டு மூணு அடி போனா கருங்கல்லுனு ஓவர்சியர் சொல்றாரு. உனுக்குப் பல்லி கத்தினாலே பயம்."

 படம் தப்பு என்றால் ஏன் தப்பு என்று கேட்பான். சொன்னால் ஊருக்கே தெரியும். அரசாங்கப் பொருளைக் கெடுத்ததற்கு ஜெயில் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். உண்மையா பொய்யா என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் தம்பி. அடுப்பு எரிகிறது, நான் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், சோறு தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் தெரிந்தது.

வீட்டுக்காரர் அப்போது தண்டலம் பக்கத்துத் துளைக்குக் காவல். பொழுது விழும் நேரத்துக்கு சைக்கிளில் வந்தார். வாசலிலேயே நிறுத்தி, முந்தானையில் முடிந்து வைத்திருந்த மண்ணை அவர் கையில் வைத்தேன்.  அவர் விரலால் தேய்த்துப் பார்த்தார். இன்னொரு முறை தேய்த்தார். கிணற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"இது எங்க வந்துச்சு?"

"உங்க மச்சான் நிக்கற எடத்துல."

அவர் கையைக் கழுவாமல் உள்ளே போனார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அப்படி நான் பார்த்ததில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு இருந்த கொஞ்ச நஞ்சத் தைரியமும் போய்விட்டது. என் பயம் எப்போதும் என்னோடது. அவரும் பயந்தால் அது நிஜம்.

"காலைல ஆபீசரப் பார்த்துச் சொல்லிடறேன்" என்றார். "ஜெயிலுன்னா ஜெயிலு."  தீய்ந்த சோற்றைப் பிசைந்தவர் வாயில் வைக்காமலே தட்டை நகர்த்தினார். அந்த மனிதரைத் திட்ட வேண்டும் என்று நாக்கு வரைக்கும் வந்தது, முடியவில்லை.

விடிவதற்குள் கோடை மழை ஒன்று அடித்துவிட்டுப் போயிற்று. ஊரே சந்தோஷமாக வாசலில் நின்றது. எனக்கு ஓட்டில் விழுந்த ஒவ்வொரு துளியும் அந்தக் கிணற்றுச் சுவரில் இறங்கியது. அவர் வெளிச்சம் வந்ததும் வராததுமாக சைக்கிளை எடுத்துக்கொண்டு தண்டலம் போனார். அதிகாரி அங்கேதான் வருவார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் ஆட்கள் வந்துவிட்டார்கள். நான் ஓவர்சியரிடம் ஓடினேன்.

"ஐயா, இன்னிக்கு ஒரு நாளு எறக்க வேணாங்க. மழை பேஞ்சுக்கீது. அந்தச் சாம்பல் மண்ணு கரையும்."

"ஏம்மா, படத்துல இல்லாத மண்ணு எங்கேர்ந்து வந்துச்சு? ஏதோ ஒரு கை சேறு வந்தா அதுக்கு ஒரு கதையா? போ, போய்க் கூடையை எடு."

தம்பி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கயிற்றைப் பிடித்து இறங்கினான். கூட இன்னொரு ஆளும் இறங்கினார். நான் கிணற்று விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். ஓவர்சியர் திட்டினார், நான் எழுந்திருக்கவில்லை. கீழே கடப்பாரைச் சத்தம். அது நிற்கும்போதெல்லாம் இன்னொரு சத்தம் கேட்டது. பொட்டு பொட்டென்று, சுவரிலிருந்து கட்டி கட்டியாக உதிர்ந்து தேங்கின தண்ணீரில் விழுகிற சத்தம். என்னைத் தவிர யாரும் அதைக் கேட்ட மாதிரி தெரியவில்லை. "மேல வாடா" என்று கத்தினேன். "இன்னும் கொஞ்சந்தாங்க்கா" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.  குலதெய்வத்தின் பேர்கூட எனக்கு ஞாபகம் வரவில்லை.

அப்போது சைக்கிள் வந்து கரையில் விழுந்தது. நிறுத்தக்கூட இல்லை, அப்படியே விட்டுவிட்டு அவர் ஓடி வந்தார். அதிகாரி இன்னும் வந்து சேரவில்லையாம். கிணற்றுக்கு உடனே வரச் சொல்லி எந்திரக்காரர்களிடம் சொல்லிவிட்டு, அங்கே காத்திருக்க மனசில்லாமல் திரும்பிவிட்டார்.

"ஆளுங்கள மேல ஏத்துங்க! ஏத்துங்கய்யா!"

"யோவ் வாட்ச்மேன், உனுக்கு இன்னா இங்க வேலை?" என்றார் ஓவர்சியர்.

"அந்தப் படம் தப்பு சார். அதுல இருந்த மண்ண நான் கழுவி உட்டுட்டேன்."

ஓவர்சியருக்குப் புரியவில்லை. யாருக்கும் புரியவில்லை. குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று நினைத்தார்கள். ராட்டினத்தில் நின்றவர்கள் ஓவர்சியர் முகத்தைப் பார்த்தார்கள், அவர் தலையை ஆட்டவில்லை. கீழேயிருந்து தம்பி, "மாமா, இன்னா சத்தம்?" என்றான்.

என் வீட்டுக்காரர் கிணற்று விளிம்புக்கு வந்தார். இரண்டடி தள்ளி நின்று தண்ணீர் சேந்துகிறவர். எட்டிப் பார்த்தார், முகத்தில் ரத்தமே இல்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தார். பிறகு கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

நான் கத்தினேனா என்று எனக்கு நினைவில்லை. கத்தினதாகச் சொன்னார்கள். கீழே அவர் குரல் கேட்டது, தம்பியை அடிக்கிற சத்தமும் கேட்டது. அவன் கன்னத்தில் அறைந்து, இடுப்பில் கயிற்றைக் கட்டி, "இழுங்கடா!" என்று கத்தியிருக்கிறார். கயிற்றில் ஆள் தொங்கினால் யாரும் ஓவர்சியர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. இழுத்தார்கள். தம்பி மேலே வந்தான், கன்னத்தில் சாம்பல் நிறத்தில் ஐந்து விரல். அடுத்து இன்னொரு ஆள் வந்தார். மூன்றாவது தடவை கயிறு உள்ளே போயிற்று.

பெரிய சத்தம் வரும் என்று நினைப்பீர்கள். வரவில்லை. ஈரத் துணியைக் கல்லில் போட்ட மாதிரி ஒரு சத்தம். ஒரு பக்கத்துச் சுவர், உறைக்குக் கீழே, அப்படியே வழுக்கி இறங்கிவிட்டது. மேலே இருந்த செங்கல் வளையம் அந்தரத்தில் நின்றது. என் காலுக்குக் கீழே கரை அசைந்தது. யாரோ என்னைப் பின்னால் இழுத்துப் போட்டார்கள்.

கயிறு விறைப்பாக இருந்தது. அதில் அவர் இருக்கிறார் என்று தெரிந்தது, உயிரோடு இருக்கிறாரா என்று தெரியவில்லை. தம்பிதான் முதல் ஆளாகக் கயிற்றைப் பிடித்தான். அவன் பின்னால் மற்றவர்கள், கடைசியில் ஓவர்சியரும். ஓவர்சியர் பேண்ட் சட்டையோடு சேற்றில் குதிகாலை ஊன்றி இழுத்ததை நான் பார்த்தேன். கயிறு முதலில் அசையவே இல்லை. பிறகு ஒரு சாண் வந்தது. அப்புறம் ஒரு முழம். மார்பு வரைக்கும் புதைந்திருந்தவரைக் கிணறு விட மனசில்லாமல் விட்டது.

கரையில் போட்டபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. தலைமுடி, மூக்கு, காது, வேட்டி எல்லாம் ஒரே சாம்பல் நிறம். கண் இரண்டும் திறந்து மூடியது. இருமினார். உயிர் இருக்கிறது. நான் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஊற்றப் போன கையைத் தட்டிவிட்டார்.

"ஊத்தாதே."

"மூஞ்சியாவது கழுவிக்கோங்க. கண்ணுல பூடும்."

"கைய வெக்காதே. ஆபீசரு வந்து பாக்கணும்."

வேப்ப மரத்தடியில் உட்கார வைத்தோம். வெயில் ஏறியது. மண் அவர் மேல் காயத் தொடங்கியது. முதலில் தோளில் வெளுத்தது, பிறகு கீறல் கீறலாக விட்டது, ஏரி மாதிரி. ஈ மொய்த்தது. குழம்பு ஒரு சொட்டு வேட்டியில் பட்டால் பந்தியிலிருந்து எழுந்து போகிறவர், கையைக் காலை அசைக்காமல், ஒட்டியிருக்கிற மண் உதிர்ந்துவிடுமோ என்று மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.  தம்பி பக்கத்தில் உட்கார்ந்து துண்டால் ஈ ஓட்டினான். அவனுக்கு அப்போதுதான் பயம் வந்திருந்தது. 

மதியத்துக்கு மேல் ஜீப் வந்தது. அதிகாரி கிணற்றை எட்டிப் பார்த்தார், அந்தரத்தில் நின்ற உறையைப் பார்த்தார். பிறகு மரத்தடிக்கு வந்தார். என் வீட்டுக்காரர் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஆயுத பூஜை, மாட்டுத் தொட்டி, தேங்காய் நார், இடம் விட்டு அடுக்கியது. ஒன்றையும் விடவில்லை. கடைசியில், "இத்த மட்டும் கழுவாம வெச்சுக்கினு கீறேன் சார்" என்று கையை நீட்டினார்.

அதிகாரி கோபப்படுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் முகம் செத்துப் போயிருந்தது. அந்தப் படத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர். முழங்கால் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்து, என் வீட்டுக்காரரின் தோளிலிருந்து மண்ணைச் சுரண்டிக் காகிதத்தில் பொட்டலம் கட்டினார். தோல் சிவந்தது, அவர் முகம் சுளிக்கவில்லை. பிறகு ஓவர்சியரிடமிருந்து படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பென்சில் டப்பாவைத் திறந்தார். எந்தப் பென்சிலை எடுத்தார் என்று நான் பார்த்தேன். கறுப்பின் மேல் அது சரியாகப் பிடிக்கவில்லை, அழுத்தி அழுத்தித் தீட்டினார்.

எழுந்திருக்கும்போது, "இந்த வேலை உங்களுக்கு இருக்காது. என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்றார்.

"தெரியும் சார்."

அதிகாரி நின்றுகொண்டே இருந்தார். என் வீட்டுக்காரர் அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேட்கிற மாதிரி கேட்டார்.

"இப்போ கழுவிக்கலாமா சார்?"

அதிகாரி தலையை ஆட்டினார். நான் குடத்தை எடுக்கப் போனேன். அதற்குள் தம்பி எடுத்துவிட்டான். மாமன் தலையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, காது மடல், கழுத்து, விரலிடுக்கு என்று ஒவ்வொரு இடமாகத் தேய்த்துவிட்டான். அந்த வறட்சியில் ஊரார் கொண்டுவந்து வைத்த குடங்கள் எல்லாம் தீர்ந்தன. சாம்பல் தண்ணீர் என் காலடியில் ஓடிற்று. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.